கால் மில்லிமீட்டருக்குள் ஒரு குரல்

ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் பிரிட்ஜிலிருந்து நட் வரை தந்தியின் நீளம் 648 மில்லிமீட்டர். 0.254 மில்லிமீட்டர் தடிமன் உள்ள மெல்லிய ஈ தந்தியை அதில் கட்டி, ட்யூனிங் கீயைத் திருகி ஸ்ருதிக்குக் கொண்டுவரும்போது, அந்த எஃகு இழை தன் இயல்பான நீளத்தைவிட ஏறக்குறைய 4.6 மில்லிமீட்டர் நீண்டு நிற்கிறது. அந்தத் தந்தி எழுப்பும் சுரம் முழுக்க இந்தச் சிறிய நீட்சியில்தான் இருக்கிறது. அதில் அரை மில்லிமீட்டரைத் தளர்த்தினால் ஸ்ருதி அரைச்சுரம் இறங்கும். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரைத் தளர்த்தினால் முழுச்சுரம், அதாவது சதுஸ்ருதி ரிஷபத்திலிருந்து ஷட்ஜத்துக்கு இறங்கும் தூரம். மூன்றரை மில்லிமீட்டரைத் தளர்த்தினால் ஒரு ஸ்தாயியே இறங்கிவிடும்.

பிரிட்ஜில் செருகியிருக்கும் அந்த வளைந்த எஃகுக் கம்பி, ட்ரெமோலோ பார், செய்கிற வேலை இந்தத் தளர்த்தலும் இறுக்கலும்தான். கையில் பிடிக்கும் நுனி சென்டிமீட்டர் கணக்கில் அசைகிறது. தந்தியோ மில்லிமீட்டரின் பின்னங்களில் அசைகிறது. பாரை ரசனையோடு வாசிப்பது பற்றிப் பேசுகிறவர்கள் அதைப் பெரும்பாலும் மனநிலை சார்ந்த விஷயமாகவே பேசுகிறார்கள். ரசனைக்கு இங்கே ஓர் அளவு இருக்கிறது, அதைக் கையால் கற்கவும் முடியும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த அளவு எங்கிருந்து வருகிறது என்று இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

தந்தியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் துறவி மரின் மெர்சென் எழுதிவைத்த விதி இது. அதிர்வெண்ணைப் பாதியாக்க வேண்டுமானால் இழுவிசையை நான்கில் ஒன்றாக்க வேண்டும். முழுச்சுரம் இறங்க இழுவிசையில் 20 சதவீதம் குறைய வேண்டும். அரைச்சுரத்துக்கு 11 சதவீதம் போதும். சாதாரண 10 கேஜ் செட்டில் ஆறு தந்திகளும் சேர்ந்து பிரிட்ஜை ஏறக்குறைய 47 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கின்றன. கிட்டாரின் முதுகுப்பக்கக் குழிக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் அதற்கு எதிராக இழுத்துப் பிடிக்கின்றன. இரண்டும் சமமாக நிற்கும் இடத்தில் பிரிட்ஜ் மிதக்கிறது. பாரை அழுத்தினால் ஸ்பிரிங் நீண்டு தந்தி தளரும். தூக்கினால் தந்தி இறுகும். விட்டுவிட்டால் சமநிலைக்குத் திரும்பும். திரும்ப வேண்டும் என்பதே திட்டம். அது எப்போதும் நடப்பதில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

இந்தக் கருவி ஒரே நாளில் பிறந்ததல்ல. டாக் காஃப்மன் என்ற அமெரிக்கர் 1929இலேயே இப்படி ஒரு அமைப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். கன்ட்ரி இசைக் கலைஞர் மெர்ல் டிராவிஸிடம் இருந்த காஃப்மன் கருவி ஸ்ருதி நிற்காமல் தொல்லை கொடுக்க, அதைச் சரிசெய்யச் சொல்லி பால் பிக்ஸ்பியிடம் கொடுத்தார். மோட்டார் சைக்கிள் தொழிலிலிருந்து வந்த பிக்ஸ்பி, தந்திகளை ஓர் உருளையில் சுற்றி, அந்த உருளையைச் சற்றே சுழற்றும் தன் சொந்த அமைப்பை 1950களின் தொடக்கத்தில் உருவாக்கினார். இன்றும் பெரிய உடல் கொண்ட கிட்டார்களில் பளபளக்கும் அலுமினியக் கட்டமைப்பாக அது இருக்கிறது. 1945இல் காஃப்மனோடு கூட்டாகத் தொழில் தொடங்கிய லியோ ஃபெண்டர், 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வெளியிட்டபோது இன்னொரு படி முன்னே போயிருந்தார். தந்தி உட்காரும் சேடில்களும் தந்தியின் முனையைப் பிடிக்கும் கட்டையும் ஒன்றாகச் சேர்ந்தே அசையும்படி வடிவமைத்தார். அதனால் தந்தி சேடிலின் மேல் தேய்ந்து நகர வேண்டியதில்லை. உராய்வு குறைந்தால் திரும்பி வரும் ஸ்ருதி சுத்தமாக இருக்கும்.

இப்போது எல்லாக் கற்பவர்களையும் முதலில் தடுக்கிவிடும் விஷயத்துக்கு வருவோம். ஒரு கார்டை மீட்டிவிட்டுப் பாரை அழுத்தினால் ஆறு தந்திகளும் ஒரே அளவு இறங்கும் என்று மனம் எதிர்பார்க்கிறது. அவை அப்படி இறங்குவதில்லை.

சுற்றுக்கம்பி இல்லாத எஃகுத் தந்தி எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது அதன் தடிமனைப் பொறுத்ததல்ல. தடித்த தந்திக்கு அதிக இழுவிசை வேண்டும். ஆனால் அதை நீட்டுவதும் அதே அளவுக்குக் கடினம். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. மிஞ்சுவது அதிர்வெண்ணின் வர்க்கம் மட்டும். மெல்லிய ஈ தந்தி 330 ஹெர்ட்ஸ். அதன் நீட்சி 4.6 மில்லிமீட்டர். பி தந்தி 247 ஹெர்ட்ஸ், நீட்சி 2.6. ஜி தந்தி 196 ஹெர்ட்ஸ். நீட்சி வெறும் 1.6. பிரிட்ஜ் அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் ஈ தந்தி தன் நீட்சியில் ஒன்பதில் ஒரு பங்கை இழக்கிறது. ஜி தந்தியோ கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. அதே அழுத்தலில் ஈ ஓர் அரைச்சுரம் இறங்க, ஜி மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். தடித்த மூன்று தந்திகளில் உள்ளே இருக்கும் மெல்லிய கருக்கம்பி மட்டுமே பாரத்தைத் தாங்குவதால் அவற்றின் கணக்கு தனி.

இந்தக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்ட கிட்டார் கலைஞர்கள் உண்டு. பிரிட்ஜை மிதக்கவிட்டு, பாரை மேலே தூக்கும்போது ஜி தந்தி சரியாக மூன்று அரைச்சுரம் ஏறும் இடத்தில் தடை விழும்படி ஸ்பிரிங்குகளைச் சரிசெய்கிறார்கள். அப்போது பி தந்தி இரண்டு அரைச்சுரமும் ஈ தந்தி ஓர் அரைச்சுரமும் ஏறுகின்றன. மேலே சொன்ன நீட்சிகளை வைத்துக் கணக்கிட்டால், பிரிட்ஜ் மில்லிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு நகரும்போது இந்த 3, 2, 1 அமைப்பு தானாகவே வந்து விழுகிறது. இயற்பியல் இவ்வளவு ஒழுங்காக இசைக்குள் வந்து உட்காரும் இடங்கள் குறைவு. எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

ஆகவே கார்டுகளின் மேல் பாரைப் பயன்படுத்துவதற்கு ஓர் எல்லை இருக்கிறது. மிகச் சிறிய அசைவில் தந்திகளுக்கு இடையிலான வேறுபாடு காதுக்கு ஒரு மினுமினுப்பாகத்தான் படும். பிக்ஸ்பி பொருத்திய கிட்டாரில் டுவேன் எடி 1958இல் வாசித்த ‘ரெபல் ரவுசர்’ போன்ற பதிவுகளின் இனிமை அந்த எல்லைக்குள் நிற்பதில் இருக்கிறது. அசைவு பெரிதானால் கார்டு கலைந்து கூழாகும். அந்தக் கலைவையே தன் ஒலியாக்கிக்கொண்டவர் கெவின் ஷீல்ட்ஸ். மை பிளடி வேலன்டைன் குழுவின் 1991ஆம் ஆண்டு ஆல்பமான ‘லவ்லெஸ்’ஸில், பாரைக் கைக்குள் பிடித்தபடியே கார்டுகளை மீட்டுகிறார், ஒவ்வொரு மீட்டலிலும் ஸ்ருதி ஆறு விதமாக வளைகிறது. அந்த ஆல்பம் முழுவதும் அந்த ஒரு நிலையில் உறுதியாக நிற்பதால் அது பிழையாக ஒலிக்கவில்லை.

தனித்தந்தியில் வாசிக்கும்போது மட்டும் ஒரு பெரிய வசதி கிடைக்கிறது. எந்த ஃப்ரெட்டில் விரல் இருந்தாலும் இழுவிசை தந்தி முழுக்க ஒன்றே. ஆகவே ஒரே தந்தியில் ஒரே அளவு அழுத்தல் எல்லா ஃப்ரெட்டிலும் ஒரே இடைவெளியையே தரும். கை நூற்றுக்கணக்கான இடங்களுக்குப் பழக வேண்டியதில்லை. தந்திக்கு ஓர் அழுத்தல் அளவு என ஆறு அளவுகளைக் கற்றால் போதும். கூடவே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: கீழிறங்கும் பாதை மேலேறும் பாதையைவிடச் செங்குத்தானது. ஜி தந்தியில் அரை மில்லிமீட்டர் இறுக்கினால் இரண்டேகால் அரைச்சுரம்தான் ஏறும். அதே அளவு தளர்த்தினால் மூன்றுக்கும் மேல் இறங்கும்.

இனி காதின் பக்கம். அயோவா பல்கலைக்கழகத்தில் கார்ல் சீஷோர் என்ற உளவியலாளரும் அவரோடு பணியாற்றியவர்களும் 1930களில் பாடகர்களின், வயலின் கலைஞர்களின் குரல் நடுக்கத்தையும் நாத நடுக்கத்தையும் கருவிகள் கொண்டு அளந்தார்கள். மேற்கத்திய செவ்வியல் பாடகர்களின் குரல் நொடிக்கு ஆறு, ஏழு முறை அசைந்தது. உச்சியிலிருந்து அடிவரை அந்த அசைவின் அகலம் சராசரியாக ஓர் அரைச்சுரம். வயலினில் வேகம் கிட்டத்தட்ட அதே, அகலம் பாதி. அதைவிட முக்கியமான இரண்டு செய்திகளும் கிடைத்தன. கேட்பவர் காதில் அந்த அசைவு உண்மையில் இருப்பதைவிட மிகச் சிறியதாகவே விழுகிறது. இன்ன சுரம் என்று காது முடிவுசெய்வது உச்சியையோ அடியையோ வைத்து அல்ல. இரண்டின் நடுவை வைத்து.

இந்த இரண்டாவது செய்தி பாரைத் தொடும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிரிட்ஜ் கிட்டார் உடலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தால் பாரைக் கீழே அழுத்த மட்டும்தான் முடியும். அப்போது நடுக்கம் முழுவதும் சுரத்துக்குக் கீழேயே நடக்கிறது. வயலின் அகலத்தில் அசைத்தால் நடுப்புள்ளி கால் அரைச்சுரம் தாழ்ந்துவிடும். வாசிப்பவர் விரல் சரியான ஃப்ரெட்டில் இருக்கும், ட்யூனிங் சரியாக இருக்கும், கேட்பவருக்கோ ஸ்ருதி இறங்கியே கேட்கும். வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது ஸ்ருதி ஏறத்தான் முடியும் என்பதால், வைணிகர் கீழ் மெட்டிலிருந்து மேல் சுரத்தை இழுத்து எடுக்கிறார். கீழே மட்டும் இறங்கும் பார் அதற்கு நேரெதிரான நிலையில் நிற்கிறது. இதற்குத் தீர்வு இரண்டு. இடக்கை விரலால் தந்தியைச் சற்றே மேலே வளைத்துப் பிடித்துக்கொண்டு பாரை அசைக்கலாம். அல்லது பிரிட்ஜை மிதக்கவிட்டு, சுரத்தின் இருபுறமும் அசையலாம். மிதக்கும் பிரிட்ஜில் நடுப்புள்ளி ஃப்ரெட்டின் சுரத்திலேயே நிற்கும். குரல் நின்று அசைவதும் அப்படித்தான்.

அளவுக்குத் திரும்புவோம். வயலின் கலைஞரின் அந்தக் கால் சுர அகலத்தை மெல்லிய ஈ தந்தியில் கொண்டுவர பிரிட்ஜ் மொத்தமாகக் கால் மில்லிமீட்டர்தான் நகர வேண்டும். ஜி தந்தியில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் போதும். ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன். புதிதாகக் கற்பவர்களின் பார் ஏன் அழுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. ஈ தந்தியில் பழகிய கையை அப்படியே ஜி தந்திக்குக் கொண்டுபோனால் அசைவு மும்மடங்கு அகலமாகிவிடுகிறது.

பழகும் முறையும் இதிலிருந்தே வருகிறது. முதலில் பார் அதன் துளைக்குள் ஆடக் கூடாது. ஆட்டம் இருந்தால் கை அசையத் தொடங்கி ஒரு கணம் கழித்துத்தான் ஸ்ருதி அசையும்; நுட்பமான எதையும் அதில் செய்ய முடியாது. துளைக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங்கைப் போட்டு அந்த இடைவெளியை அடைப்பது பழைய வழக்கம். கையில் இறுக்கிப் பிடிக்காமல், பிக்கைப் பிடித்த கையின் மோதிர விரலோ சுண்டு விரலோ பாரின் மேல் தங்கியிருக்கட்டும். பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் வழக்கத்தைவிடக் குட்டையான பாரைப் பயன்படுத்துகிறார். மீட்டும் கைக்குள்ளேயே அது எப்போதும் இருக்கிறது.

பிறகு ஒரே சுரத்தை ஜி தந்தியில், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில், மீட்டுங்கள். பதினோராம் ஃப்ரெட்டின் சுரம் என்ன என்று முன்பே கேட்டு மனத்தில் வைத்துக்கொண்டு, பாரால் அதற்கு இறங்கி நில்லுங்கள். நின்ற இடத்தை ட்யூனரில் பாருங்கள். பத்தாம் ஃப்ரெட்டுக்கும் இதையே செய்யுங்கள். திரும்பி ஏறும்போதும் நிறுத்தி நிறுத்தி ஏற வேண்டும். சலிப்பான பயிற்சிதான். ஆனால் இதைச் செய்யாதவர் கையில் பார் எங்கோ போய் எங்கோ வரும். சேரும் சுரம் தெரியாமல் வழுக்கிக்கொண்டு போவதுதான் ரசனைக் குறைவாகக் கேட்கிறது. வழுக்கலின் நீளத்தில் பிழை இல்லை.

நடுக்கத்துக்கு மெட்ரோனோமை 60இல் வைத்து ஓர் அடிக்கு நான்கு அசைவு என்று தொடங்கி, மெல்ல 90 வரை ஏறினால் நொடிக்கு ஆறு என்ற பாடகரின் வேகம் வந்துவிடும். எல்லாச் சுரத்தையும் ஆட்ட வேண்டாம். மீட்டியவுடனே ஆட்டவும் வேண்டாம். சுரம் முதலில் நேராக நிற்கட்டும், காது அதைப் பிடித்துக்கொள்ளட்டும், தேய்கிற வேளையில் அசைவு வரட்டும். ஷேடோஸ் குழுவின் ஹாங்க் மார்வின் 1960இல் ‘அப்பாச்சி’யை வாசித்த விதத்தைக் கேட்டால் இது விளங்கும். நீண்டு நிற்கும் சுரங்களின் முடிவில் மட்டும் பார் மெல்ல வந்து போகிறது.

அடுத்தது மீட்டும் முன்பே பாரைச் சற்று அழுத்தி வைத்திருந்து, மீட்டும் கணத்தில் விடுவிப்பது. சுரம் கீழிருந்து மேலேறி வந்து அமரும். பாடகர் ஒரு சொல்லை எடுக்கும்போது தொண்டை செய்வது இதையேதான். அழகான பழக்கம், அதனாலேயே ஆபத்தானது. ஒரு வரியில் ஒருமுறை வந்தால் குரல், ஒவ்வொரு சுரத்திலும் வந்தால் விக்கல்.

திரும்பி வருவது பற்றி முன்பு ஒதுக்கிவைத்ததை இங்கே எடுக்கிறேன். பாரை ஆழமாக அழுத்திவிட்டால் தந்தி நெகிழ்ந்து, நட்டுக்கும் ட்யூனிங் கீக்கும் இடைப்பட்ட துண்டு கொஞ்சம் தந்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. விடுவிக்கும்போது அது நட்டின் பள்ளம் வழியாகத் திரும்பி வர வேண்டும். பள்ளத்தில் உராய்வு இருந்தால் பாதி வழியிலேயே சிக்கி நிற்கும். வாசிக்கும் பகுதியில் தந்தி குறைந்து, இழுவிசை கூடி, ஸ்ருதி ஏறிவிடும். பென்சில் கூரின் கிராஃபைட் தூளை நட் பள்ளத்தில் தடவும் கைவைத்தியம் வேலை செய்வது இந்த உராய்வைக் குறைப்பதால். ஸ்ருதி ஏறி நின்றுவிட்டால் அந்தத் தந்தியை ஒருமுறை விரலால் நன்றாக வளைத்துவிட்டாலும் சிக்கியது விடுபடும். எரிக் கிளாப்டன் இந்தத் தலைவலியே வேண்டாமென்று தன் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பிரிட்ஜ் அசையாதபடி மரத்துண்டு வைத்து அடைத்துவிட்டார். அதுவும் ஒரு தெளிவான முடிவுதான்.

ஃப்ளாய்ட் ரோஸ் 1970களின் பிற்பகுதியில் வேறு வழி கண்டார். நட்டிலும் பிரிட்ஜிலும் தந்தியை இறுகப் பூட்டிவிட்டார். நழுவ இடமே இல்லாதபோது சிக்கவும் இடமில்லை. கிட்டார் கலைஞர் எடி வான் ஹாலன் கையில் அது போனபின், தந்திகள் தொய்ந்து தொங்கும் வரை அழுத்திவிட்டு, உடனே சுத்தமான ஸ்ருதியில் அடுத்த வரியைத் தொடங்க முடிந்தது. பொறியியலாக அது அருமையான தீர்வு. 1980களின் பல பதிவுகளில் அது ஒரு நிறுத்தக்குறியாகத் தேய்ந்துபோனது என்பதும் உண்மை: வரி முடிந்ததும் ஒரு பாய்ச்சல், அடுத்த வரி முடிந்ததும் இன்னொரு பாய்ச்சல்.

பெரிய பாய்ச்சல் கூடாது என்று நான் சொல்லவில்லை. 1969 ஆகஸ்ட் 18 காலை, வுட்ஸ்டாக் இசைவிழாவில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தார். ராக்கெட்டும் குண்டும் பாடலில் வரும் இடத்தில் பாரை ஆழமாக அழுத்தி, குண்டு விழுந்து வெடிப்பதைத் தந்தியில் கேட்கவைத்தார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. பூட்டும் நட் அப்போது இல்லை. ஸ்ருதி கலைகிறது, அவர் வாசித்துக்கொண்டே போகிறார். அந்தப் பாய்ச்சல்களுக்கு அந்த இடத்தில் ஒரு காரணம் இருந்தது.

பாரைக் குரலாக்கியவர்களில் முதலிடம் ஜெஃப் பெக்குக்கு. 2023 ஜனவரியில் மறைந்த இந்த ஆங்கிலேயர் பிக்கைக் கைவிட்டு வெறும் விரல்களால் மீட்டினார். அதனால் பாரும் ஒலியளவுக் குமிழும் எப்போதும் ஒரே கைக்குள் இருந்தன. 1989இல் வந்த ‘வேர் வேர் யூ’ என்ற இசைத்துண்டை, பல்கேரியப் பெண்கள் சேர்ந்து பாடும் கோரஸ் இசையால் தூண்டப்பட்டு உருவாக்கினார். அதன் மெட்டின் பெரும்பகுதி இயல்பான சுரங்களில் இல்லை, ஹார்மோனிக்குகளில் இருக்கிறது. தந்தியைக் குறிப்பிட்ட புள்ளிகளில் லேசாகத் தொட்டு மீட்டும்போது எழும் மணியொலி போன்ற சுரங்கள் அவை. ஹார்மோனிக் வரும் இடங்களை இயற்கை நிர்ணயித்துவிடுகிறது: தந்தி நீளத்தின் பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று. இடையில் உள்ள சுரங்கள் அங்கே கிடைக்காது. பெக் அந்த இடைவெளிகளைப் பாரால் நிரப்புகிறார். ஒரு ஹார்மோனிக்கை மீட்டி, தேவையான சுரம் மேலே இருந்தால் தூக்கி, கீழே இருந்தால் அழுத்தி, ஃப்ரெட் எதையும் நம்பாமல் காதை மட்டும் நம்பிப் போய் நிற்கிறார். குமிழைக் குறைத்து வைத்து மீட்டியபின் ஏற்றுவதால் மீட்டலின் கூர்மையும் மறைந்துவிடுகிறது. மூச்சிலிருந்து எழும் சுரம்போல் அது தொடங்குகிறது.

நம் காதுக்கு இன்னும் நெருக்கமான ஒரு பதிவும் அவருடையது உண்டு. நிதின் சாஹ்னியின் 1999ஆம் ஆண்டு ஆல்பத்தில் ஸ்வாதி நாடேகர் பாடிய ‘நாடியா’வை, பெக் பிறகு கிட்டாரில் வாசித்தார். இந்துஸ்தானிச் சாயல் கொண்ட அந்த மெட்டில் சுரங்கள் படிகளாக நிற்பதில்லை. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இழைந்து போகின்றன. அதைக் கிட்டாரில் பழக விரும்புகிறவர்கள் நாடேகர் பாடியதையே முதலில் கேட்க வேண்டும். எந்தச் சுரத்தில் நிற்கிறார், போகிற வழியில் எதைத் தொட்டுவிட்டு வருகிறார், எங்கே அசைக்காமல் விடுகிறார் என்று கவனித்து வாய்விட்டுப் பாடிப் பார்க்க வேண்டும். பாட வந்த பிறகு ஜி தந்தியில் தொடங்கலாம்.